தருமபுரி வெயிலுக்கு ஈ.டி.பி.யா, ஈ.டி.டி.யா?

சென்ட் பாட்டிலில் ஈ.டி.பி. என்றால் ஓ டி பர்ஃபம் (eau de parfum), ஈ.டி.டி. என்றால் ஓ டி டாய்லெட் (eau de toilette). ஈ.டி.பி.யில் வாசனை எண்ணெய் சுமார் 15–20 சதவீதம்; ஈ.டி.டி.யில் 5–15. மீதி பெரும்பாலும் ஆல்கஹால்.

ஏப்ரல் வெயிலில் மல்லிகையோ சம்பங்கியோ தூக்கலான ஈ.டி.பி.யை நாலு தடவை அடித்துக்கொண்டு தருமபுரி டவுன் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தலைவலிதான். சூடான தோலில் மணம் ஒரேயடியாகக் கிளம்பும். சட்டைக்குள், மார்பில் ஒரே ஒரு ஸ்ப்ரே போதும். ஈ.டி.டி. என்றால் மூன்று வரை தாராளமாகப் போடலாம். மதியச் சாப்பாட்டுக்குள் மங்கிவிடும் என்பதால் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கையோடு வையுங்கள். தலையில் மல்லிச்சரம் இருக்கும் நாளில் இரண்டுமே வேண்டாம், ஒன்றையொன்று கெடுக்கும்.

ஓசூர் குளிருக்கு மறுபேச்சில்லை, ஈ.டி.பி.தான்.

வறண்ட தோலில் எதுவும் நிற்காது. குளித்ததும் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவிவிட்டு அடியுங்கள். பட்டுப்புடவை மேல் மட்டும் நேராக அடிக்காதீர்கள், கறை விழும்.