மில்டாக்ஸ்: ராணுவக் குடும்பங்களுக்கான இலவச வரிச் சேவை குறித்து எங்கள் அனுபவம்

அமெரிக்க ராணுவத்தில் பணிபுரியும் என் கணவரின் ஆவணங்களில் மூன்று மாநிலங்களின் பெயர்கள் இருக்கின்றன. தமிழ் உள்ளிட்ட குறிப்பிட்ட சில மொழிகள் அறிந்த, அமெரிக்கக் குடியுரிமை பெறாதவர்களை 2009 முதல் 2016 வரை படையில் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தின் வழியாக அவர் சேர்ந்தபோது நியூ ஜெர்சியில் மாணவராக இருந்தார். முதல் பணியிடம் டெக்சாஸின் எல் பாசோவில் உள்ள ஃபோர்ட் பிளிஸ். இப்போது வர்ஜீனியாவில் இருக்கிறோம். இந்த மூன்றில் எந்த மாநிலத்துக்கு வருமான வரி கட்ட வேண்டும், காரை எங்கே பதிவு செய்ய வேண்டும், இங்கே ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்யும் என் சம்பளத்தில் வர்ஜீனியா வரி பிடிப்பது சரிதானா என்ற கேள்விகளுடன்தான், பாதுகாப்புத் துறையின் மிலிட்டரி ஒன்சோர்ஸ் வழங்கும் மில்டாக்ஸ் சேவையை நாடினோம்.

இச்சேவையில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று, மத்திய அரசுக்கான வரிக் கணக்கையும் மூன்று மாநிலங்கள் வரையிலான கணக்குகளையும் கட்டணமின்றித் தாக்கல் செய்ய உதவும் மென்பொருள். இது ஜனவரி பிற்பகுதியில் திறந்து அக்டோபர் நடுப்பகுதி வரை இயங்கும். மற்றொன்று, ராணுவக் குடும்பங்களின் வரி நிலைமையில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களுடன் தொலைபேசியில் பேசும் வசதி. பணியில் இருப்பவர்கள், அவர்களின் துணைவர்கள், ரிசர்வ் மற்றும் நேஷனல் கார்டு வீரர்கள், ஓய்வு பெற்றோ விலகியோ 365 நாட்களுக்கு மேல் ஆகாதவர்கள் ஆகியோர் இதைப் பயன்படுத்தலாம். பெரும்பாலானோர் மென்பொருளுக்காகவே இங்கே வருகிறார்கள். ஆனால் எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தவர் ஆலோசகர்தான் என்பதால் அவரைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

மென்பொருள் தொடக்கத்திலேயே “நீங்கள் எந்த மாநிலத்தில் வசிப்பவர்?” என்று கேட்கிறது. வாடகை வீடு வர்ஜீனியாவில் இருப்பதால் ‘வர்ஜீனியா’ என்று பதில் தர எனக்குக் கை நீண்டது. அந்த ஒரு பதில் தவறினால் அதன் பின்னர் வரும் கணக்கு முழுவதும் தவறாகிவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. நல்லவேளையாக முதலில் தொலைபேசியில் பேசினேன். ஆலோசகர் வருமானத்தைப் பற்றி எதுவும் கேட்காமல், என் கணவரின் எல்இஎஸ் எனப்படும் மாதச் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அதில் மாநில வரிக்கென்று உள்ள சிறிய கட்டத்தைப் படிக்கச் சொன்னார். டெக்சாஸைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும், பிடித்தம் என்ற இடத்தில் பூஜ்யமும் இருந்தன. பிறகு என் மருத்துவமனை தந்த, ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தின் 15ஆம் கட்டத்தைப் படிக்கச் சொன்னார். அதில் வர்ஜீனியா இருந்தது. “இனி உங்கள் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, கார் பதிவு மூன்றும் எந்த மாநிலத்தில் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்” என்றார். இருபது நிமிடங்கள் பொறுமையாக எங்கள் குடும்பத்தின் இடப்பெயர்வு முழுவதையும் கேட்டறிந்த பிறகே பதில் சொன்னார்.

அவர் விளக்கியதன் சாரம் இது. படையில் சேரும்போது பதிவாகும் சொந்த முகவரி வேறு, சட்டப்படியான வசிப்பிடம் வேறு. முன்னது, விலகும்போது ஊர் திரும்பும் பயணச் செலவையும் பொருட்களை அனுப்பும் செலவையும் கணக்கிடுவதற்கானது. வரியைத் தீர்மானிப்பது பின்னது. அதை மாற்ற டிடி 2058 என்ற படிவம் இருக்கிறது. ஆனால் படிவத்தில் கையெழுத்திட்டால் மட்டும் வசிப்பிடம் மாறிவிடாது. அந்த மாநிலத்தில் உண்மையிலேயே வாழ்ந்திருக்க வேண்டும், அங்கேயே நிலைக்கும் எண்ணமும் இருக்க வேண்டும், அந்த எண்ணத்துக்கு மற்ற ஆவணங்கள் சாட்சி சொல்ல வேண்டும். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்பதற்காக, அங்கே ஒருநாளும் வசிக்காதவர்கள்கூடப் படிவத்தை நிரப்பிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள் என்று அவர் கவலையோடு சொன்னார். என் கணவர் எல் பாசோவில் இருந்தபோதே உரிமம், வாக்குப் பதிவு, கார் பதிவு அனைத்தையும் மாற்றியிருந்ததால் எங்கள் நிலை உறுதியாக இருந்தது. 2003ஆம் ஆண்டின் படைவீரர் குடிமை நிவாரணச் சட்டத்தின்படி, ராணுவ உத்தரவின் பேரில் மட்டுமே ஒரு மாநிலத்தில் இருப்பவர் அதனால் அங்கே வசிப்பவராகிவிடுவதில்லை. பழைய வசிப்பிடத்தை இழப்பதும் இல்லை. வர்ஜீனியா அவருடைய ராணுவச் சம்பளத்துக்கு வரி விதிக்க முடியாது. வேலை நேரம் போக வெளியே ஏதாவது சம்பாதிக்கிறாரா என்றும் கேட்டார். இல்லை என்றோம். இருந்திருந்தால் அந்த வருமானத்துக்கு வர்ஜீனியாவில் வரி உண்டு.

என் சம்பளத்தைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்குப் புதிய செய்தி. துணைவர்களுக்கும் இதே போன்ற வரிப் பாதுகாப்பு 2009இல் வந்தது. 2018இல் அது விரிந்தது. 2023 ஜனவரியில் கையெழுத்தான சட்டம், வீரரின் வசிப்பிடம், துணைவரின் வசிப்பிடம், வீரரின் நிரந்தரப் பணியிடம் ஆகிய மூன்றில் ஒன்றை வரிக்காக இருவருமே தேர்ந்துகொள்ள வழி செய்தது. நான் டெக்சாஸைத் தேர்ந்துகொண்டு, ஏற்கெனவே பிடித்த வரியைத் திரும்பப் பெற வர்ஜீனியாவின் 763-எஸ் படிவத்தை அனுப்ப வேண்டும், இனிப் பிடிக்காமல் இருக்க விஏ-4 படிவத்தை என் நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும் என்றார். அவர் சொன்னபடியே செய்தேன். ஏழு வாரங்களில் 1,860 டாலர் திரும்ப வந்தது. எங்கள் வீட்டுக்கு அது ஒரு மாத வாடகை.

இச்சேவையின் எல்லை கார் விஷயத்தில் தெரிகிறது. வர்ஜீனியாவின் கவுண்டிகளும் (நம் மாவட்டங்களைப் போன்றவை) நகரங்களும் கார்களின் மதிப்புக்கு ஆண்டுதோறும் சொத்து வரி விதிக்கின்றன. எங்கள் கார் இருவர் பெயரிலும் டெக்சாஸ் நம்பர் பிளேட்டோடு இருந்தபோதும் 412 டாலருக்கு ஒரு பில் வந்தது. கவுண்டி அலுவலகத்தின் ஜன்னலில் இருந்தவர், என் பெயரும் பதிவில் இருப்பதால் பாதி வரியையாவது கட்டியாக வேண்டும் என்று உறுதியாகச் சொன்னார். அது தவறு என்று தெரிந்தும் அன்று என்னால் எடுத்துச் சொல்ல முடியவில்லை. மில்டாக்ஸ் வருமான வரிக்கான சேவை என்பதால் இதற்கு அங்கிருந்து கடிதம் எதுவும் கிடைக்காது. எங்கள் முகாமின் சட்ட உதவி அலுவலகத்துக்குச் செல்லுமாறு ஆலோசகர் வழிகாட்டினார். அங்கே மேலே சொன்ன படைவீரர் சட்டத்தின் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் தயாரித்தார்கள். அதோடு எல்இஎஸ், ராணுவ அடையாள அட்டை, டெக்சாஸ் பதிவுச் சான்று ஆகியவற்றின் நகல்களை இணைத்துக் கொடுத்த பிறகு பில் ரத்தானது. இரண்டு சேவைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் எத்தனையோ குடும்பங்கள் கட்ட வேண்டாத வரியைக் கட்டாமல் இருக்கும்.

மென்பொருளைப் பொறுத்தவரை அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது; பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள்களைவிட எந்த விதத்திலும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. இதைப் பயன்படுத்த நினைப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே ஆலோசகரிடம் பேசிவிடுங்கள் என்பதுதான். அழைக்கும்போது எல்இஎஸ், டபிள்யூ-2, இருவரின் ஓட்டுநர் உரிமங்கள், கார் பதிவுச் சான்று ஆகியவை மேசையில் இருக்கட்டும். வர்ஜீனியாவின் கெடு மே 1 என்றாலும், மத்திய அரசின் கெடுவான ஏப்ரல் 15க்கு முந்தைய நாட்களில் பலரும் அழைப்பார்கள் என்பதால் பிப்ரவரியிலேயே பேசிவிடுவது நல்லது. என் கணவருக்கு அடுத்த கோடையில் ஜார்ஜியாவுக்கு இடமாற்றம் வரக்கூடும் என்கிறார்கள். அங்கே நான் வேலைக்குச் சேர்ந்தால், முதல் சம்பளத்திலேயே வரி பிடிக்காமல் இருக்க எந்தப் படிவம் கொடுக்க வேண்டும் என்று கேட்டு இப்போதே குறித்து வைத்திருக்கிறேன்.