பாளையங்கோட்டை வளாகத்தில் ஆறு வருட மல்டிகாஸ்ட்: என் அனுபவம்

2019 ஜூனில் எங்கள் கல்லூரிக் கருத்தரங்க அரங்கில் நடப்பதை 32 வகுப்பறை டிவிகளில் நேரலையாகக் காட்ட வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. கேமராப் படத்தை அனுப்பும் என்கோடர் பெட்டி, பத்து டிவி ஒன்றாகக் கேட்டாலே திணறியது. ஒரு டிவிக்கு 8 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 8 மெகாபிட்), 32 டிவிக்கு 256. மல்டிகாஸ்ட் என்பது ஒரே ஓட்டத்தை வழியில் உள்ள சுவிட்ச்கள் (கேபிள்களை இணைக்கும் பெட்டிகள்) நகலெடுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கும் முறை. அதில் அந்தப் பெட்டி எத்தனை டிவிக்கும் ஒரே ஒரு 8 எம்பிபிஎஸ் அனுப்பினால் போதும். அதனால்தான் இந்தப் பக்கம் வந்தேன். ஆறு வருடம் தினமும் இதோடு புழங்கியதை வைத்து எழுதுகிறேன்.

சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய் பிரிவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மடை திறந்த வயலுக்குத்தான் தண்ணீர். டிவி 'எனக்கு இந்தச் சேனல் வேண்டும்' என்று அனுப்பும் ஐஜிஎம்பி செய்திதான் மடை திறப்பது. அதை சுவிட்ச் கவனித்து, கேட்ட போர்ட்டுக்கு (கேபிள் செருகும் துளைக்கு) மட்டும் விடுவதுதான் ஸ்னூப்பிங். ஒரு வித்தியாசம் உண்டு. தண்ணீர் பிரியப் பிரியக் குறையும். இங்கே சுவிட்ச் நகலெடுத்து அனுப்புவதால் கடைமடை டிவிக்கும் முழு 8 எம்பிபிஎஸ் வரும்.

முதல் நிகழ்ச்சியே எனக்குப் பெரிய பாடம். முந்தின நாள் ஒவ்வொரு அறையாகப் போய் இரண்டு மூன்று நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். படம் பளிச்சென்று வந்தது. மறுநாள் சிறப்பு விருந்தினர் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மூன்றாம் பிளாக்கிலிருந்து எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, நாலு நிமிசம் நல்லா ஓடுச்சு, பொறவு அப்படியே நின்னுட்டு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா திரும்ப நாலு நிமிசம் ஓடுது." அவர் சொன்ன அந்த நாலு நிமிடம்தான் துப்பு. யார் யாருக்கு வேண்டும் என்று அவ்வப்போது விசாரிக்க ஒரு குவேரியர் இருக்க வேண்டும். வழக்கமான அமைப்பில் அது 125 வினாடிக்கு ஒருமுறை கேட்கும். பதிலே வராவிட்டால் 260 வினாடியில் சுவிட்ச் அந்தப் பதிவை அழித்துவிடும். நான் எல்லா சுவிட்ச்சிலும் ஸ்னூப்பிங்கை ஆன் செய்திருந்தேன், குவேரியரை எங்கும் வைக்கவில்லை. கேட்க ஆளில்லாததால் டிவிகளும் பதில் சொல்லவில்லை. யாரும் கேட்டதாகப் பதிவில் இல்லாத மல்டிகாஸ்ட்டைக் கைவிடும்படி வேறு அமைத்திருந்தேன், அதனால் 260 வினாடி முடிந்ததும் படம் நின்றது. கோர் சுவிட்ச்சில் (எல்லா பிளாக்கும் வந்து சேரும் நடு சுவிட்ச்) இரண்டு வரி கட்டளை போட்டதும் சரியாகிவிட்டது. அதற்குள் பேச்சில் பாதி போய்விட்டது. அன்று அந்த வகுப்பறைகளில் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் வருத்தம்தான். மல்டிகாஸ்ட்டைச் சோதிப்பவர்கள் தயவுசெய்து பத்து நிமிடமாவது தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள்.

குவேரியர் இருந்தால் மட்டும் போதாது, எது குவேரியர் என்பதையும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே வீலேனில் (நெட்வொர்க்கைப் பிரித்த ஒரு தனிப் பகுதி) இரண்டு இருந்தால் ஐபி எண் சிறியதாக உள்ளது ஜெயிக்கும். 2021-இல் ஹாஸ்டலில் புதிதாக மாட்டிய சின்ன சுவிட்ச் ஒன்று அப்படி ஜெயித்துவிட்டது. குவேரியர் இருக்கும் திசைக்கு எல்லா மல்டிகாஸ்ட்டும் போகும் என்பதால், யாரும் பார்க்காத நான்கு சேனல்களும் ஹாஸ்டல் லிங்க்கில் போய் விழுந்தன. நெட் மெதுவாக இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு வீலேனிலும் .1 என்று முடியும் மிகச் சிறிய முகவரி கோர் சுவிட்ச்சுக்குத்தான். மற்ற எல்லாவற்றிலும் குவேரியர் ஆஃப்.

சேனல்களுக்கான முகவரித் திட்டத்துக்கு ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். நிறுவனத்துக்குள் பயன்படுத்த ஒதுக்கியது 239-இல் தொடங்கும் வரிசை. நான் முதலில் போட்டது 239.0.0.1. ஸ்னூப்பிங் இருந்தும் அந்தச் சேனல் மட்டும் எல்லா போர்ட்டிலும் கொட்டியது. காரணம், ஐபி முகவரியின் கடைசி 23 பிட்தான் மேக் முகவரிக்குள் (சுவிட்ச் பார்த்து அனுப்பும் வன்பொருள் முகவரி) போகிறது. அதனால் 32 குழுக்களுக்கு (மல்டிகாஸ்ட் ஐபி முகவரிகளுக்கு) ஒரே மேக் வரும். 239.0.0.1-க்கு வருவது 224.0.0.1-க்கு உள்ள அதே மேக். அது எல்லா கருவிகளுக்கும் பொதுவான முகவரி என்பதால் மேக்கை மட்டும் பார்த்து அனுப்பும் சுவிட்ச் அதைத் தடுக்காது. 239.128.0.1-உம் அப்படியே. இப்போது அரங்கத்துக்கு 239.10.1 வரிசை, லேப்களுக்கு 239.10.2. அச்செடுத்து ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

வீலேன் தாண்டிப் போக பிம் ஸ்பார்ஸ் மோட் (கேட்ட வீலேனுக்கு மட்டும் ரவுட்டர் மல்டிகாஸ்ட்டைக் கடத்தும் முறை) போட்டோம். ஒரே ரவுட்டர் என்பதால் அதில் தொல்லை இல்லை. அனுப்பும் மென்பொருளில் டிடிஎல் மதிப்பை (ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும் எண்) மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாம் எதுவும் சொல்லாவிட்டால் வழக்கமாக அது 1, ரவுட்டரைத் தாண்டாது.

எனக்கு அதிகம் உழைத்தது நேரலைகூட இல்லை, லேப்தான். 60 கணினிகளுக்கு 40 ஜிபி இமேஜ் (வட்டின் முழு நகல்). ஒவ்வொன்றாக அனுப்பினால் சர்வரின் ஒரு கிகாபிட் போர்ட் முழு வேகத்தில் ஓடினாலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல். மல்டிகாஸ்ட்டில் அரை மணிக்குள் முடிகிறது. ஆனால் கூட்டத்தில் மெதுவான கணினி எதுவோ அதன் வேகம்தான் எல்லோருக்கும். ஒருநாள் வேகம் பத்தில் ஒன்றாக விழுந்தது. சுவிட்ச் விளக்குகளை வரிசையாகப் பார்த்தபோது 60-இல் ஒன்று மட்டும் ஆரஞ்சு. அந்த கேபிளின் ஆர்ஜே45 முனையில் பழுப்பு ஜோடிக் கம்பி ஒன்று சரியாக உட்காரவில்லை. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒன்று போனதும் அது 100-க்கு இறங்கி, மற்ற 59-ஐயும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வேறு முனை கிரிம்ப் செய்ததும் பழைய வேகம் வந்துவிட்டது. இமேஜ் போடும் முன் விளக்கு பார்ப்பது இப்போது எங்கள் வழக்கம்.

வைஃபையில் மட்டும் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். காற்றில் மல்டிகாஸ்ட் அடிப்படைக் குறைந்த வேகத்தில் போகும், பெற்றதற்கு ஒப்புதலும் கிடையாது, தவறினால் தவறியதுதான். ஒரு சேனல் ஓடினாலே அந்த அக்சஸ் பாயின்ட்டில் இருக்கும் மற்றவர்கள் தவிப்பார்கள். அக்சஸ் பாயின்ட்டிலேயே யூனிகாஸ்ட்டாக (ஒவ்வொருவருக்கும் தனித்தனி நகலாக) மாற்றும் வசதியை ஆன் செய்து பார்த்தோம். பத்துப் போன் வரை தாங்கியது. பிறகு போன்களுக்கு சாதாரண வெப் லிங்க் கொடுத்துவிட்டோம்.

அடுத்த ஜூனில் புது பிளாக் திறக்கிறார்கள். அதற்கான 239.10.3 வரிசை காலியாகக் காத்திருக்கிறது. கரண்ட் போய் வந்தால் எந்தத் திரையில் குவேரியர் முகவரி .1 என்று இருக்க வேண்டும் என்பது இப்போது அண்ணாச்சிக்கும் தெரியும்.