க்ரூகரா, சாபி சாண்டா? கேமராவோடு போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் காட்டு விலங்குகளைப் படமெடுக்கப் போகிறேன் என்று யார் கிளம்பினாலும் பேச்சு கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும். க்ரூகர் தேசியப் பூங்காவில் வாடகைக் காரை எடுத்து நாமே ஓட்டுவதா, அதன் மேற்கு ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும் சாபி சாண்ட் தனியார் காப்பகத்தில் விடுதி எடுத்துத் தங்குவதா?

விலங்குகள் இரண்டுக்கும் பொதுதான். நடுவே இருந்த வேலியை 1993-லேயே எடுத்துவிட்டார்கள். பகலில் க்ரூகரில் படுத்துக்கிடந்த சிங்கம் இரவில் சாபி சாண்டில் வேட்டையாடலாம். மாறுவது, வண்டி எங்கெல்லாம் போய் நிற்கலாம் என்கிற விதி. படத்தின் தலையெழுத்து பெரும்பாலும் அதில்தான்.

சிறுத்தைதான் வேண்டும் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, சாபி சாண்ட். அங்குள்ள சிறுத்தைகள் தலைமுறை தலைமுறையாக வண்டிகளைப் பார்த்துப் பழகியவை. கூரையில்லாத வண்டி; முன்மூக்கில் தனி இருக்கை போட்டுத் தடம் பார்ப்பவர் உட்கார்ந்திருப்பார். மண்ணில் பதிந்த பாதத்தைப் பார்த்து அவர் கையை நீட்டினால் வண்டி பாதையை விட்டு இறங்கிப் புதருக்குள் போகும். ஒரு விலங்கைச் சுற்றி இரண்டு மூன்று வண்டிகளுக்கு மேல் விடுவதில்லை, மற்றவர்கள் ரேடியோவில் சொல்லிவிட்டு முறைக்காகக் காத்திருக்க வேண்டும். வெளிச்சம் முதுகுப் பக்கம் வேண்டும் என்று கேட்டால், முடிந்தவரை சுற்றிக்கொண்டு போய் நிறுத்துவார்கள். பத்து மீட்டரில் சிறுத்தை படுத்திருக்கும்போது 70-200 மி.மீ. லென்ஸே போதும். தூரத்தை இழுக்கும் 600 மி.மீ. லென்ஸை மாட்டினால் கண்ணும் மூக்கும்தான் மிஞ்சும்.

க்ரூகரில் சாலையை விட்டு இறங்கக் கூடாது, காரை விட்டும் இறங்கக் கூடாது. சிறுத்தை தூரத்து மரத்தில் இருந்தால் அது அந்தத் தூரத்தில்தான். அது கிளையில் இருப்பது தெரிந்ததும் கார்கள் குவிந்து, நமக்கு முன்னால் யாரோ ஒருவர் சரியாகக் குறுக்கே நிறுத்துவார்!

சரி, அப்படியானால் க்ரூகருக்கு ஏன் போக வேண்டும்? பணம் ஒரு காரணம். சாபி சாண்டில் ஒருவருக்கு ஒரு இரவுக்கே பல நூறு டாலர், பெயர்பெற்ற விடுதிகளில் ஆயிரத்தைத் தாண்டும். அந்தப் பணத்தில் க்ரூகர் முகாம்களில் பல நாள் தங்கலாம். ஆனால் எனக்குப் பெரிய காரணம் வேறு: காரின் உயரம். சஃபாரி வண்டியில் நம் இருக்கை உயரத்தில் இருக்கும். பக்கத்தில் படுத்திருக்கும் சிங்கத்தை மேலிருந்து கீழே பார்த்துத்தான் எடுக்க வேண்டும், பின்னணி முழுக்கப் புல்லும் மண்ணும். சாதாரண சின்னக் காரின் ஜன்னலோ, நடந்துவரும் சிங்கத்தின் கண்மட்டத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஒரு துணிப்பையை வெறுமையாகக் கொண்டுபோய், முகாம் கடையில் அரிசி வாங்கி நிரப்பி ஜன்னல் விளிம்பில் வைத்தால் முக்காலியே வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு யானைக் கூட்டம் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை இருக்கலாம். விடுதி வண்டியில் பின்னால் இருப்பவருக்குக் காபி நேரம் வந்துவிட்டால் நாமும் கிளம்பியாக வேண்டும்.

க்ரூகருக்குள் லோயர் சாபி, ஸ்குகூசா என்ற இரண்டு முகாம்களுக்கும் இடையே, சாபி ஆற்றின் தென்கரையை ஒட்டிப் போகும் எச்4-1 சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பலரும் ஸ்குகூசாவில் தங்கி விடிகாலையில் கிழக்கே ஓட்டுவார்கள், சூரியன் நேராக முகத்தில். லோயர் சாபியில் தங்கி மேற்கே ஓட்டினால் வெயில் பின்னால் இருக்கும். நம்மூர் மாதிரியே அங்கும் வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் ஆறும் ஓட்டுபவரின் ஜன்னல் பக்கமே வரும். தனியாகப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் ஜூன், ஜூலையில் சூரியன் வடக்கே சாய்ந்தே போவதால், வெயில் ஏறியபின் ஆற்றுப்பக்கம் எடுப்பது எதிர்வெளிச்சம்தான். தார்ச்சாலையில் வேக வரம்பு 50 கிலோமீட்டர், மண்பாதையில் 40. அதற்கு மேல் போனாலும் புதருக்குள் இருப்பது கண்ணில் படாது.

க்ரூகரின் உண்மையான குறை மாலையில்தான். குளிர்கால நடுவில் ஐந்தரைக்கு முகாம் கதவை மூடிவிடுவார்கள். பொன்வெயில் விழும் நேரத்தில் நாம் கடிகாரத்தைப் பார்த்தபடி திரும்பிக்கொண்டிருப்போம். சாபி சாண்டில் இருட்டிய பிறகும் விளக்கு அடித்துச் சுற்றலாம். விளக்கொளிப் படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை, அது வேறு.

கென்யாவின் மசாய் மாராவையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாமே என்பார்கள். ஆற்றைக் கடக்கும் வில்டபீஸ்ட் (மாடு போன்ற ஒருவகை மான்) கூட்டம்தான் இலக்கு என்றால் அங்கேதான் போக வேண்டும், ஜூலை முதல் அக்டோபர் வரை. மற்றபடி, நாமே ஓட்டிக்கொண்டு போய் நிதானமாகப் பழக க்ரூகர் அளவுக்கு அது வசதிப்படாது.

இரண்டுக்கும் கையில் காசு இருந்தால், முதலில் க்ரூகர், கடைசி இரண்டு இரவு சாபி சாண்ட். மாற்றிப் போனால், பத்து மீட்டரில் சிறுத்தையைப் பார்த்த கண்ணுக்குத் தூரத்து மரத்தில் தொங்கும் வால் எரிச்சலைத்தான் கிளப்பும்.