மருத்துவக் கவுன்சிலும் மருத்துவ ஆணையமும்: தேர்தலா, நியமனமா?

1956ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கி, மருத்துவக் கல்வியையும் மருத்துவர்களின் தொழில் நெறியையும் ஒழுங்குபடுத்திய இந்திய மருத்துவக் கவுன்சிலில், பதிவு பெற்ற மருத்துவர்களும் பல்கலைக்கழகங்களின் செனட் போன்ற ஆட்சி அவைகளும் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்களே பெரும்பான்மையினர். எஞ்சியோரை மத்திய அரசு நியமித்தது.

2020 செப்டம்பரில் அதன் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையத்திலோ, அமைச்சரவைச் செயலாளர் தலைமையிலான தேடல் குழுவின் பரிந்துரைப்படி தலைவரை மத்திய அரசே நியமிக்கிறது; 33 உறுப்பினர்களுள் மாநில மருத்துவக் கவுன்சில்களில் தேர்தல் வழியே வந்தவர்களிலிருந்து சுழற்சி முறையில் இடம்பெறுவோர் ஒன்பது பேர் மட்டுமே, அதுவும் ஈராண்டுக்கு.

வாக்குக் கேட்டுப் பதவிக்கு வந்தவர், தமக்கு வாக்களித்த சக மருத்துவர்மீது நடவடிக்கை எடுக்கத் தயங்கக்கூடும் என்பது முந்தைய முறையின் பலவீனம். புதிய முறையில் அந்தத் தயக்கம், நியமித்த அரசுக்கு எதிராக நடக்கத் தயங்குவதாக இடம்பெயர்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும், பதவியேற்கும்போதும் விலகும்போதும் சொத்து விவரங்களை அறிவிக்க வேண்டும் என்ற விதி புதிய சட்டத்தின் தெளிவான முன்னேற்றம்.