கல் பதிப்பதா, ஷட்டரைத் தூக்குவதா?

ஊரின் பிரதான கடைத்தெரு களையிழந்துவிட்டது என்று பேச்செடுத்தால் மூன்று யோசனைகள்தான் சுற்றிச் சுற்றி வரும். வண்டிகளையே விடாமல், கல் பதித்து, நடப்பவர்களுக்கு மட்டும் தெருவைக் கொடுப்பது ஒன்று. வண்டி வரட்டும், ஆனால் மெதுவாக வரட்டும் என்பது இன்னொன்று. மூன்றாவது, சாலையைத் தொடாமல் கடைக்காரர்களை ஒன்றுசேர்த்துக் காலிக் கடைகளை நிரப்புவது. வரைபடத்தில் அழகாகத் தெரிவது முதல் யோசனை. பெரும்பாலும் அதுவே ஜெயித்துவிடுகிறது. எனக்குச் சந்தேகமும் அதன்மேல்தான்.

கோபன்ஹேகனின் ஸ்ட்ரோகெட் தெருவை 1962-ல் சோதனையாக வண்டிகளுக்கு மூடினார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். 1964-ல் அதை நிரந்தரமாக்கினார்கள், இன்றும் அங்கே கூட்டம் அலைமோதுகிறது. சரி, அதே மருந்து மற்ற ஊர்களுக்கும் வேலை செய்ததா? அமெரிக்காவின் கலமசூவில் 1959-லேயே நடைத்தெரு வந்துவிட்டது. கட்டடக் கலைஞர் விக்டர் க்ரூயன் போட்ட திட்டத்தில் ஊர் மையத்தைச் சுற்றி ஒரு வளையச் சாலை, அதையொட்டி வண்டி நிறுத்துமிடங்கள் என்று பலதும் இருந்தன. அதில் நடைத்தெருவை மட்டும் கட்டிவிட்டு மற்றதை விட்டுவிட்டார்கள். 1998-ல் அதன் ஒரு பகுதியில் கார்கள் திரும்ப ஓட ஆரம்பித்தன. ஃப்ரெஸ்னோவின் ஃபுல்டன் மாலும் 1964-ல் மூடி 2017-ல் திறந்த தெருதான். சிகாகோவின் ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் 1979-ல் பேருந்தை மட்டும் விட்டார்கள். அங்கேயும் 1996-ல் பழையபடி வண்டிகள் வந்துவிட்டன.

அமெரிக்காவில் நிலைத்து நின்றவற்றில் இரண்டு, போல்டரின் பேர்ல் ஸ்ட்ரீட்டும் பர்லிங்டனின் சர்ச் ஸ்ட்ரீட்டும். இரண்டும் பல்கலைக்கழக ஊர்கள். மாணவர்கள் எப்படியும் நடந்துதான் வருவார்கள். தெருவை மூடினால் ஏற்கெனவே நடப்பவர்கள் கூடுதல் நேரம் தங்குவார்களே தவிர, நடக்க ஆளே இல்லாத இடத்தில் புதிதாக ஆள் முளைத்துவிட மாட்டார்கள்.

வேகத்தை ஏன் குறைக்க வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஐந்து மீட்டர் அகலமுள்ள கடை முகப்பை 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் அரை வினாடிகூடப் பார்ப்பதில்லை. 20 கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஒரு வினாடி கிடைக்கும், பெயர்ப் பலகையைப் படித்துவிடலாம். நடந்து போகிறவருக்கு மூன்றரை வினாடிக்கு மேல். கலிஃபோர்னியாவின் லான்காஸ்டரில் 2010-ல் இதைத்தான் செய்தார்கள். அகலச் சாலையின் நடுவே மரம் வைத்து, நடக்கவும் வண்டி நிறுத்தவும் ஆகிற மாதிரி இடம் விட்டு, வண்டிப் பாதையைச் சுருக்கினார்கள். சந்தை நாளில் அதையே மூடிக்கொள்ளலாம், மறுநாள் திறந்துவிடலாம். தப்பாகப் போனாலும் பெரிய நஷ்டமில்லை.

இங்கே சண்டை வருவது பார்க்கிங்கில். வாடிக்கையாளர் எல்லாரும் காரில்தான் வருகிறார் என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் விசாரித்தபோது 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் வந்தவர்கள் 22 சதவீதம்தான். வாசலில் காலையிலிருந்து இரவுவரை நிற்கிற கார் சில சமயம் கடை முதலாளியுடையதாகவே இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது வழிக்குத் திறப்பு விழாவும் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான். டொராண்டோவின் ப்ளூர் வெஸ்ட் பகுதியில் சுரங்க ரயில் வந்ததும், ட்ராமில் இறங்கிக் கடைக்கு வந்தவர்கள் தரைக்கடியில் போக ஆரம்பித்துவிட்டார்கள். மால்கள் வேறு ஆட்களை இழுத்துக்கொண்டன. கடைக்காரர் சங்கத்துக்குச் சந்தா கேட்டால் பாதிப் பேர் தரமாட்டார்கள், விளக்கு போட்டால் வெளிச்சம் மட்டும் எல்லாருக்கும் கிடைக்கும். அதனால் எல்லாக் கடைகளிடமும் கட்டாயமாக வசூலிக்கச் சட்ட அனுமதி வாங்கி, 1970-ல் வணிக மேம்பாட்டுப் பகுதி ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த ஏற்பாடு பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அமெரிக்காவில் 1977-ல் கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்ப்ரிங்ஸ் என்ற மூன்று சிற்றூர்களில் தொடங்கிய மெயின் ஸ்ட்ரீட் முயற்சியில், ஒவ்வொரு ஊரின் கடைத்தெருவுக்கும் ஒரு முழுநேர மேலாளரைப் போட்டார்கள்.

அந்த மேலாளருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு காலிக் கடையை எடுத்துக்கொள்வோம். வாடகையைக் குறைத்தால் கட்டடத்தின் மதிப்பே குறைந்துபோகும் என்று உரிமையாளர் பூட்டியே வைத்திருக்கிறார். மாடியும் காலி. எப்போதோ முகப்பை அகலப்படுத்த, தெருவிலிருந்து மாடிக்குப் போகிற தனிப் படிக்கட்டை இடித்துவிட்டார்கள். இப்போது கடைக்குள் நுழையாமல் மேலே ஏற முடியாது, குடியிருக்க யார் வருவார்கள்? முன்னால் எவ்வளவு நல்ல கல் பதித்தாலும் அந்தப் படிக்கட்டு திரும்பி வராது. யாராவது உரிமையாளரிடம் பத்து முறை போய் உட்கார்ந்து பேச வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த வாடகையில் ஒரு புதுக் கடைக்காரரைக் கொண்டுவர வேண்டும். இரவில் இரும்புச் சுவர் மாதிரி நிற்கும் ஷட்டருக்குப் பதில் உள்விளக்கு தெரிகிற கம்பிக் கதவு போடச் சொல்ல வேண்டும். சலிப்பான வேலை, வருடக்கணக்காகும். ஆள் சரியில்லை என்றால் வசூல் மட்டும் நடக்கும்.

அதனால் என் வரிசை இது: முதலில் ஷட்டர், அப்புறம் வேகம், கடைசியாகத்தான் மூடுவது. தெருவில் ஏற்கெனவே தோள் இடிக்கிற கூட்டம் என்றால் மட்டும் வரிசையைத் திருப்பிப் போடலாம். சந்தேகமிருந்தால் விசேஷமில்லாத ஒரு வாரநாளில் இரவு எட்டு மணிக்குத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து, மாடியில் விளக்கெரியும் ஜன்னல்களை எண்ணுங்கள். ஒரு கை விரல்களுக்குள் எண்ணி முடித்துவிட்டால், கல் பதிக்கும் டெண்டரைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.