முகூர்த்தப் படங்களுக்கு ராவா, ஜேபெக்கா?

ராவும் (RAW) ஜேபெக்கும் (JPEG) கேமரா படத்தைச் சேமிக்கும் இரண்டு கோப்பு வடிவங்கள். முகூர்த்த நேரத்து மணமேடையை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளைக்கு வெள்ளைப் பட்டு வேட்டி, பக்கத்தில் அரக்குப் பட்டுப்புடவை, நடுவில் ஹோமத் தீ, எதிரே வீடியோக்காரரின் விளக்கு. ஜேபெக்கில் எடுத்தால் வெள்ளைச் சமநிலை (எந்த வெளிச்சத்திலும் வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்வது), கூர்மை, மாறுபாடு எல்லாவற்றையும் கேமராவே அந்த நொடியில் முடிவு செய்துவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், அதாவது இருட்டிலிருந்து வெளிச்சம் வரை 256 படிகள்தான் மிஞ்சும்.

ரா கோப்பில் சென்சார் (கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சில்லு) பதிந்த விவரம் கைபடாமல் இருக்கும். 14 பிட் என்றால் 16,384 படிகள். தீ வெளிச்சத்தில் பெண்ணின் முகம் ஆரஞ்சாகிவிட்டதா? வீட்டுக்கு வந்து நிதானமாகச் சரிசெய்யலாம். ஜேபெக்கில் அதே அளவுக்கு இழுத்தால் தோல் நிறம் திட்டுத் திட்டாகிவிடும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும். ஆனால் சென்சாரே நிரம்பி வழிந்து வெளுத்த வேட்டியை ராவாலும் மீட்க முடியாது. அதனால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தே எடுங்கள். நிழலைப் பிறகு தூக்கிவிடலாம்.

இடம்தான் சிக்கல். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா படம் சுமார் 25 முதல் 30 எம்பி வரை வரும். ஜேபெக் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. தொடர்ச்சியாக எடுக்கும்போது ராவில் கேமரா சீக்கிரம் திணறும்.

பந்திக்கும் வரவேற்பு வரிசைக்கும் ஜேபெக் தாராளமாகப் போதும். தாலி கட்டும்போது மட்டும் தயங்காமல் ராவுக்கு மாறுங்கள். இரண்டு கார்டு போடும் கேமராவாக இருந்தால், சரி, ஒன்றில் ரா, இன்னொன்றில் ஜேபெக் என்று வைத்துவிடுங்கள். சாயங்காலமே வாட்ஸ்அப்பில் படம் கேட்கும் சொந்தக்காரர்களுக்கு உடனே அனுப்பிவிடலாம்.