ஊதாரி மைந்தனும் விதைப்பவனும்: டியூரரா, புரூகலா?

இயேசு சொன்ன உவமையை நிலக்காட்சியோடு பார்க்க வேண்டுமென்றால் என் மனதில் முதலில் வருவது இரண்டு. ஒன்று, ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1496 வாக்கில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட ஊதாரி மைந்தன்; அப்பாவின் சொத்தைத் தொலைத்துவிட்டுப் பன்றி மேய்க்கப் போன மகனின் கதை. மற்றது, ஃபிளெமிய ஓவியர் பீட்டர் புரூகல் 1557இல் வரைந்த விதைப்பவன்; தூவிய விதைகள் பாதையிலும் பாறையிலும் நல்ல நிலத்திலும் விழும் கதை. இது அச்சு அல்ல, பலகையில் தீட்டிய எண்ணெய் ஓவியம். இப்போது அமெரிக்காவில் சான் டியேகோவின் டிம்கன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

டியூரரிடம் ஆள்தான் முக்கியம். பன்றிகள் தொட்டியில் மூக்கை நுழைத்துத் தின்ன, மைந்தன் பக்கத்திலேயே முழங்காலிட்டுக் கைகூப்புகிறான். நற்செய்தியில் இந்த உவமையை எழுதிய லூக்கா அவனை வயலுக்கு அனுப்புகிறார். டியூரரோ செங்குத்துக் கூரை வீடுகள் சூழ்ந்த ஜெர்மன் பண்ணை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இடது ஓரத்தில் ஒரு மாட்டின் பின்பக்கம் மட்டும் தெரியும். இந்தக் குறும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பன்றி மயிர், ஓலைக்கூரை, மரச்சட்டம் எல்லாமே வெறும் கருப்புக் கோடுகள்தான், ஆனாலும் ஒவ்வொன்றும் கைக்கு வேறு வேறாகத் தட்டுப்படும்போல இருக்கிறது.

புரூகலிடம் நிலம் ஆளை விழுங்கிவிடுகிறது. விதைப்பவன் கீழே ஒரு மூலையில்; மீதியெல்லாம் அகன்ற ஆறும் தொலைவு மலைகளும். உவமை தெரியாதவர் அவனைக் கவனிக்காமலே போகலாம்.

கதை வேண்டுமா, டியூரர். ஜன்னல் மாதிரி சுவரில் மாட்டிவைக்க வேண்டுமா, சரி, புரூகல். ஒன்றுதான் என்றால் நான் பன்றிகளை எடுத்துக்கொள்வேன்.